ரப்பர் பாலில் ஒட்டிய நோட்டுகள்

நெய்யாற்றின்கரை கோர்ட்டு ஆபீசில் பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் பெண் என்று நான் ஒருத்திதான் நின்றேன். கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய் நோட்டுகளைக் கம்பிக்கு உள்ளே தள்ளினேன். கூடவே அண்ணனின் பெயர் எழுதிய சீட்டையும் தள்ளினேன்.

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"ராபின்சன். ஜாதா கேஸாக்கும், இல்லியா?"

"ஆமா சார்."

தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஜாதா என்று பேர் சொல்லும் அந்த ஊர்வலத்துக்குத் தடை இருந்தது. அண்ணன் பாறசாலைச் சந்தை வரைக்கும் கொடி பிடித்து நடந்தான். முப்பது ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதம் ஜெயில் என்று தீர்ப்பு. அன்றுதான் கடைசி நாள். கட்டாதவர்களை மறுநாள் காலையில் இங்குள்ள சப் ஜெயிலிலிருந்து திருவனந்தபுரத்துப் பெரிய ஜெயிலுக்கு வேனில் ஏற்றுவார்கள். முந்தின வேனில் போன எங்கள் சபைப் பையன் ஒருவன் திரும்பி வந்தபோது அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. அண்ணனுக்கு இளைப்பு உண்டு. மழை நாளில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவான்.

குமாஸ்தா ஒரு நோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. அவர் விரலால் கோட்டைத் தடவினார். பிறகு நோட்டின் இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடது பக்கம்.

அவர் குரல் தாழ்ந்தது.

"இஞ்ச ஒரு நம்பர். அங்க வேற நம்பர். இது ஒரு நோட்டில்ல, ரெண்டு நோட்டாக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் அடுத்த நோட்டையும் பார்த்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதைப் பார்க்காமலே மற்ற இரண்டின் மேல் வைத்தார்.

"எங்கயிருந்து கெடச்சு?"

"அப்பா தந்தது, சார்."

"பத்து நோட்டை வெட்டி ஒட்டிப் பதினொண்ணாக்குத ஆளுகள் உண்டு. கள்ளநோட்டுக்கு உள்ள அதே சிட்சைதான் அதுக்கும். நான் இப்ப இதைப் போலீசுக்குக் கொடுக்கணும்."

வராந்தாவில் ஒரு போலீஸ்காரன் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். குமாஸ்தா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, மூன்று நோட்டையும் கம்பிக்கு வெளியே தள்ளிவிட்டார்.

"நான் கண்டில்ல. நாலு மணிக்கு முன்னால நல்ல நோட்டா கொண்டு வா. இதை வேற எவன்கிட்டயும் நீட்டாண்டாம், கேட்டியா? கடையில நீட்டாதே. பஸ்ஸில நீட்டாதே."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

படி இறங்கும்போது குடை பிடித்த ஒருவர் கூடவே வந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். முகம் பழக்கமில்லை. நன்றாக எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை.

"பிள்ளே, பேடிக்காண்டாம், பயப்படாதே. அந்த மூணையும் இஞ்ச தா. நான் பதினஞ்சு ரூபா தாறேன்."

"வேண்டாம்."

"செல்லாத நோட்டுக்குப் பதினஞ்சு வேறே எவன் தருவான்? நான் சந்தையில நாலு கை மாத்திருவேன். உன் பேரு வெளிய வராது."

அந்த நாலாவது கை யாருடையதாக இருக்கும் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் பெண்கள் புதன்கிழமை சந்தைக்குப் போவார்கள். அவர்களுக்கு எண் வாசிக்கத் தெரியாது.

"வேண்டாம்" என்று மறுபடி சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்படியெங்கில் நான் அந்தப் போலீஸ்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டா?"

நான் ஓடவில்லை. ஓடினால் பார்ப்பார்கள். வேகமாக நடந்தேன். முதுகில் ஒரு கை விழப்போகிறது என்று எதிர்பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். கை விழவில்லை. பாறசாலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் யாரும் இல்லை. முந்தானைக்கு உள்ளே நோட்டுகளை விரித்துப் பார்த்தேன். முதல் நோட்டின் இடது எண் 417 என்று முடிந்தது. வலது எண் 862. இரண்டாவதன் இடது எண் 862. வலது எண் 417. மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஒரே எண்.

எனக்குப் புரிந்தது.

அப்பா அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் அளக்கிற வேலை பார்த்தார். அந்த மாதங்களில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி ஆண்களைச் சோதனை போட்டது. தமிழ்க்காரன் பையில் நாலு நோட்டு இருந்தால் போராட்டத்துக்குப் பிரித்த பணம் என்று எடுத்துக்கொண்டது. அதனால் அப்பா பழைய வழக்கப்படி செய்தார். நோட்டுகளைப் பாதியாக வெட்டி, இடது பாதிகளைத் தபாலில் அனுப்பினார். அவை வந்து சேர்ந்ததென்று தெரிந்த பிறகு வலது பாதிகளை வாழைக்குலை வியாபாரி பொன்னையன் கையில் கொடுத்தனுப்பினார். பாதி நோட்டு யாருக்கும் உதவாது. திருடுகிறவனுக்கும் உதவாது. இந்தப் பக்கத்தில் பலரும் அப்படிச் செய்வதுதான்.

ஆனால் அப்பா மூன்று நோட்டையும் சேர்த்து அடுக்கி ஒரே வெட்டாக வெட்டியிருந்தார். எந்த இடது பாதியும் எந்த வலது பாதியோடும் பொருந்தும். நேற்று நான் அண்ணனுக்குச் சோறு கொடுக்கப் போயிருந்த சமயம், அம்மா அவற்றைக் கைக்கு வந்தபடி ஒட்டியிருக்கிறாள். அதுவும் ரப்பர் பாலால். அப்பா கிறிஸ்துமசுக்கு வரும்போது ஒரு பாட்டிலில் ரப்பர் பால் கொண்டுவருவார். உறையாமல் இருக்க அதில் கொஞ்சம் அமோனியா சேர்த்திருக்கும். அம்மா அதைக் கொண்டு குடை ஒட்டுவாள், ஞானப்பாட்டுப் புத்தகத்தின் முதுகு ஒட்டுவாள். நோட்டையும் ஒட்டிவிட்டாள். ஒட்டி, ஜெபம் செய்து, கைக்குட்டையில் முடிந்து என் கையில் தந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றாள்.

"அவன் எங்கே?"

"பணத்தை அவங்க வாங்கல்லே, அம்மா."

சொன்னேன். அம்மா நோட்டுகளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். வேதாகமத்தின் வசன எண்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுகிறவள் அவள்.

"இவ்வளவு பொடி எழுத்தா இருக்கும்னு நான் கண்டேனா? ஒட்டு நல்லா வரணும்னாக்கும் நான் பார்த்தது. நம்ம குடை ஒட்டினதைவிட நல்லா வந்தது."

அதைச் சொல்லும்போதே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அம்மிணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் மலையாளம்தான் பேசுவார்கள். எங்களோடு எங்களைப் போலப் பேசுவாள். எங்கள் வீட்டில் யார் அழுதாலும் முதலில் வருவது அவள்தான்.

"எந்தா கிருபாபாயி அக்கா? பையனை விட்டில்லியா?"

அம்மா சொல்லிவிட்டாள். நான் கண்ணால் தடுத்தும் சொல்லிவிட்டாள்.

"இதுக்கா அழுது கரையுது? அந்தி மயங்கினா மீன்காரிக்குத் தெரியுமா நம்பரு? ஒரு நோட்டை நான் மாத்தித் தாறேன்."

"மீன்காரி அதை எங்க மாத்துவா, அக்கா?" என்று கேட்டேன்.

அம்மிணி என்னை முறைத்தாள். "பிள்ளைக்கு வாய் திறக்காது. திறந்தா கோர்ட்டு."

எனக்கு வேறொரு வழி தோன்றியிருந்தது. அதைச் சொல்லப் பயமாக இருந்தது. செய்து பார்ப்பது சொல்வதைவிட எளிதாகத் தோன்றியது. மண்ணெண்ணெயில் ரப்பர் ஊறும். ஊறி இளகும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் மை? அச்சு மை மண்ணெண்ணெயில் கரையுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கரைந்தால் பொருந்தாத நோட்டு என்பது போய் வெறும் காகிதமாகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நல்ல நோட்டின் மை நிற்கும், கள்ளநோட்டின் மை ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஓடினால் என்ன செய்வது? தோட்டத்துச் சம்பளத்தில் அப்பாவுக்கே யாராவது கள்ளநோட்டுக் கொடுத்திருந்தால்?

பஞ்சை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரு நோட்டின் மூலையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். பஞ்சில் நிறம் இல்லை, அழுக்கு மட்டும் இருந்தது. இன்னொன்றிலும் வைத்தேன். அதிலும் நிறம் இல்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

வெள்ளைப் பிஞ்ஞாணத் தட்டில் பொருந்தாத இரண்டு நோட்டுகளையும் வைத்து, ஒட்டுக் கோட்டின் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டேன். காத்திருந்தேன். மறுபடி விட்டேன். கோடு மெல்ல உப்பி, தேன் நிறமாக, மூக்குச்சளி போல ஆயிற்று. இழுக்கக் கூடாது. இழுத்தால் காகிதம் கிழியும். விரல் நுனியால் ஒரு ஓரத்திலிருந்து உருட்டினேன். ரப்பர் சிறு சிறு உருண்டையாகச் சுருண்டு வந்தது. அம்மா பக்கத்தில் நின்று உதடு அசைத்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நோட்டு இரண்டாகப் பிரிந்தது. பிறகு இரண்டாவதும் பிரிந்தது.

நாலு பாதிகள். 417 இரண்டு, 862 இரண்டு. ஜன்னலோரம் கட்டிலில் பிஞ்ஞாணத்தை வைத்து, பாதிகளைப் பரப்பிவிட்டேன். ஓரங்களில் இன்னும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது. காய்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். சரியாக ஒட்டியிருந்த மூன்றாவது நோட்டைப் பிரிக்காமல் பக்கத்திலேயே வைத்தேன்.

அப்போது ஜீப் சத்தம் கேட்டது.

எங்கள் பாதையில் ஜீப் வருவது ஒரே காரணத்துக்குத்தான். அம்மிணி வேலியிலிருந்து "போலீஸாக்கும்!" என்றாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அடுப்பில போடு, பிள்ளே. சீக்கிரம் போடு!"

நான் பிஞ்ஞாணத்தைத் தூக்கினேன். அடுப்பில் தணல் இருந்தது. மண்ணெண்ணெயில் நனைந்த காகிதம், ஒரு நொடியில் போய்விடும். மூன்று எட்டு வைத்தால் அடுப்பு. இரண்டு எட்டு வைத்தேன். எரித்தால் நாங்கள் தப்பிக்கலாம். ஆனால் நாளைக்குக் காலையில் வேன் போகும். அண்ணன் அதில் இருப்பான்.

திரும்பி வந்து பிஞ்ஞாணத்தைக் கட்டிலிலேயே வைத்தேன். மூடவும் இல்லை. மூடி வைத்தால்தான் அது குற்றம்போலத் தெரியும் என்று நினைத்தேன். அல்லது மூடுவதற்கு என் கை வரவில்லை. எதுவென்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஏட்டு சதாசிவன். ஊர்வலத்தன்று அண்ணனைப் பிடித்தவரும் அவர்தான். பின்னால் மெலிந்த ஒரு போலீஸ்காரர். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனியாமலே உள்ளே வந்தார்.

"நோட்டீசு எங்கே?"

போராட்ட நோட்டீசுகளைத் தேடித்தான் வந்திருந்தார்கள். அரிசிப்பானையைக் கவிழ்த்தார்கள். அண்ணனின் பாயை உதறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

"எந்தாடி இது?"

"நோட்டு, சார்."

"நோட்டோ? பாதி நோட்டு." அவர் கம்பு நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "பாட்டில். மண்ணெண்ணெ. பஞ்சு. எடி, இது வீடா, கள்ளக்கம்மட்டமா?"

திருட்டுத்தனமாக நாணயம் அடிக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் கள்ளக்கம்மட்டம் என்று பேர்.

"நீ எந்தா படிச்சிட்டுள்ளது?"

நான் பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டாள். "பி.எஸ்சி. ஆக்கும், சார். கெமிஸ்ட்ரி."

யார் கேட்டாலும் அம்மா பெருமையாகச் சொல்லுகிற வார்த்தை அது. பாவம், பழக்கத்தில் வந்துவிட்டது.

"கெமிஸ்ட்ரி!" என்றார் ஏட்டு. "கேட்டோடா? அண்ணனுக்குக் கொடி. தங்கச்சிக்குக் கெமிஸ்ட்ரி. சமரத்துக்கு ரூபா இப்படியாக்கும் வருது."

மெலிந்த போலீஸ்காரர் அண்ணனின் பாயைச் சுருட்டி வைத்தார்.

ஏட்டு நாலு பாதிகளையும் அள்ளித் தொப்பிக்குள் போட்டார். முழு நோட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அதை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் அதைக் கவனித்தேன். குற்றத்துக்குச் சாட்சியானால் எல்லாம் ஒரே இடத்தில்தானே போக வேண்டும்? கூட வந்தவரிடம் எதையும் எழுதச் சொல்லவும் இல்லை.

"பெண்ணுங்களாச்சேன்னு விடுதேன்," என்றார். "இதை நான் கொண்டு போறேன். யாரிட்டயும் பேசாண்டாம். பேசினா உன்னையும் கொண்டு போவேன்."

அவர் வாசலுக்குத் திரும்பினார். முப்பது ரூபாயும் அண்ணனும் அந்த வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காலேஜில் வைவா பரீட்சையில் பேச முடியாமல் நின்றவள் நான். சர்ச்சில் சாட்சி சொல்லச் சொன்னால் அழுதுவிடுவேன்.

"சார்."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"கொண்டு போங்க, சார். எழுதித் தந்துட்டுக் கொண்டு போங்க."

"எந்து?"

"நம்பர் எழுதி, எடுத்தீங்கன்னு ஒப்பு போட்டுத் தாங்க. 417 ரெண்டு பாதி. 862 ரெண்டு பாதி. ஒரு முழு நோட்டு." முழு நோட்டின் எண்ணையும் சொன்னேன். எண்கள் மட்டும் தடுமாறாமல் வந்தன. "இன்னைக்குக் காலத்தே இதைக் கோர்ட்டு குமாஸ்தா பார்த்தாரு. நல்ல நோட்டா கொண்டு வரச் சொன்னாரு. இப்ப நான் வெறுங்கையோட போனா, எங்கேன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லணும்னு நீங்களே எழுதித் தாங்க."

ஏட்டு என் அருகே வந்தார். வெற்றிலையும் வியர்வையும் நாறியது. கம்பின் நுனி என் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் ஊன்றியது.

"நீ எனக்கு நியமம் படிப்பிக்குதியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"எழுதித் தாங்க, சார்."

வேலிக்கு மேலிருந்து அம்மிணியின் குரல் வந்தது.

"ஏமானே, சாட்சிக்கு ஆளு வேணுமெங்கில் நான் ஒப்பு இடலாம். எனக்குப் பேரு எழுதத் தெரியும்."

"நீ உள்ளே போடி!"

"நான் என் வீட்டுப் பறம்பிலாக்கும் நிக்குதேன், ஏமானே."

மெலிந்த போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். "ஏட்டே, எழுதினா ஸ்டேஷன் டயறியில வரணும். கோர்ட்டுக்காரன் இதைக் கண்ட விஷயமும் அதில வரும்."

ஏட்டு கம்பை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கட்டிலில் எறிந்தார். தொப்பியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். பாதிகள் விழுந்தன. தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே நடந்தார்.

அம்மா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள்.

நான் பாதிகளைப் பொறுக்கினேன். 417. 862. 862.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் மடியைப் பார்த்தேன். ஒரு 417 இல்லை.

பிசுபிசுப்பு. ஓரத்தில் இருந்த ரப்பர். தொப்பியின் உள்ளே துணி.

ஜீப் இன்னும் கிளம்பவில்லை. போனது போகட்டும், இருபது ரூபாயாவது மிஞ்சியதே என்று ஒரு கணம் இருந்தேன். இருபது ரூபாய்க்கு அண்ணனில் மூன்றில் இரண்டு பங்கை விடமாட்டார்கள். வெளியே ஓடினேன்.

"சார்! ஒண்ணு குறையுது."

ஏட்டு ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்தார். திரும்பினார்.

"நான் எடுத்தேன்னு சொல்லுதியா?"

"இல்லே சார். நீங்க எடுக்கல்லே." எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "தொப்பிக்குள்ள இருக்கும், சார். ஒட்டியிருக்கும். ரப்பர் பாலு முழுக்கப் போகல்லே."

வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது அம்மிணி மட்டும் இல்லை. மூன்று நாலு வீட்டிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். ஏட்டு தொப்பியைத் தொடவில்லை. கழற்றினால் நான் சொன்னது சரியாகிவிடும். கழற்றாமல் போனால் அரசாங்க நோட்டில் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார் என்று ஊரே சொல்லும். அது அவருக்கும் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது. அதுதான் எனக்கு அன்று ஏற்பட்ட பயங்களிலேயே பெரிய பயம்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

பாதி நோட்டு உள்துணியில் பதிந்து கிடந்தது. அவர் நகத்தால் பிய்த்து இழுத்தார். ரப்பர் நூல்போல நீண்டது. கிழியக் கூடாதே, கிழியக் கூடாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கிழியவில்லை. அறுந்த நூல் அவர் விரலில் சுருண்டது. அவர் அதை உதறினார், போகவில்லை. யாரோ சிரிப்பை அடக்கித் தும்மினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் நோட்டை மண்ணில் போட்டார்.

"உன் முகம் எனக்கு மறக்காது, கேட்டியா?"

ஜீப் போய்விட்டது. நான் மண்ணிலிருந்து அதை எடுத்து ஊதினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மிணி வேலியைச் சுற்றி ஓடிவந்து என்னைத் தூக்கினாள்.

"உக்காராதே, மக்கா. பஸ்ஸு போவும்."

அம்மா பாதிகளை ஒட்டித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எதையும் ஒட்டக் கூடாது, அப்படியே காட்ட வேண்டும். நாலையும் முழு நோட்டையும் ஒரு தாளில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்து, "யாரிட்டயோ மண்ணெண்ணெ ஒழுகுது" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். போலீஸ் ஏறியது. ஆண்களின் பையைத் தடவியது. என்னைப் பார்க்கவில்லை.

ஜன்னல் மூடுவதற்குள் போய்விட்டேன். குமாஸ்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகம் மாறியது.

"நல்ல நோட்டு கொண்டு வரச் சொன்னேன்லா?"

"இதுதான் சார் நல்ல நோட்டு."

தாளைப் பிரித்தேன். பாதிகளை எண்ணோடு எண் சேர்த்து, ஒட்டாமல், பலகையில் வைத்தேன். அம்மா செய்ததையும் நான் செய்ததையும் சொன்னேன். ஜீப் வந்ததைச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே தெரியும் நீர்க்குறியைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார், இடது, வலது. மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்தார். மூன்றாவது நோட்டை இந்த முறை ஒழுங்காகப் பார்த்தார்.

"பிரிச்சது ஆரு?"

"நான்தான், சார்."

"மை ஓடியிருந்தா?"

நான் பலகையில் கிடந்த பாதிகளை நேராக்கி வைத்தேன்.

அவர் பசைக்கிண்ணத்தை இழுத்தார். மெல்லிய வெள்ளைத் தாளில் இரண்டு கீற்று வெட்டி, பாதிகளை முதுகில் சேர்த்து ஒட்டினார். பிறகு மூன்று நோட்டையும் என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"ஒவ்வொண்ணுக்கும் பின்னால உன் பேரும் ஊரும் எழுது. நான் வாங்கிக்கிடலாம். டிரஷரியில வாங்குவான், பேங்குல வாங்குவான்னு எனக்கு உறுதி சொல்ல முடியாது. அவன் திருப்பிவிட்டா போலீசு என்னைத் தேடி வரப்பிடாது. உன்னைத் தேடி வரணும்."

பேனாவை வாங்கினேன். நிப்பில் மை ததும்பியது. எழுதாமல் திரும்பிப் போக முடியுமா என்று யோசித்தேன். முடியாது. வராந்தாவில் அதே போலீஸ்காரன் தூணில் சாய்ந்திருந்தான்.

விமலகுமாரி, தகப்பன் பெயர் ஈசாக், என்று எழுதினேன். ஊர் எழுதினேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை கையெழுத்து எனதுபோல இல்லை.

ரசீது எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நான் அதன் எண்ணையும் தொகையையும் அண்ணனின் பெயரையும் மூன்று தரம் படித்த பிறகுதான் நகர்ந்தேன்.

சப் ஜெயில் வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அண்ணன் வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மூச்சில் விசில் சத்தம் இருந்தது. ஆனால் நடந்து வந்தான்.

"அப்பா ரூபா அனுப்பினாரா?"

"ம்."

"நான் கேட்டேனா? நான் கெடப்பேன் உள்ள. எனக்கென்ன பேடியா?" என்று உரக்கச் சொன்னான். சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பிள்ளே, ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே? பிடிச்சுக்கொண்டு போனது என்னையாக்கும், உன்னையில்லே."

"மெல்லப் பேசு, அண்ணா."

"நாம ஒண்ணும் களவு செய்யல்லே."

"தெரியும். மெல்லப் பேசு."

போலீஸ் ஸ்டேஷன் இல்லாத தெரு வழியாக அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சுற்று வழி. ஏன் என்று கேட்டான். இந்தப் பக்கம் நிழல் உண்டு என்றேன். அவன் முன்னால் நடந்தான், மூச்சு வாங்கி நின்றான், மறுபடி நடந்தான். நான் பின்னால் நடந்தேன்.

அந்த மூன்று நோட்டுகளும் மறுநாள் டிரஷரிக்குப் போயிருக்கும். அங்கிருந்து பேங்குக்கு, அங்கிருந்து எங்கெங்கோ. போகிற இடமெல்லாம் யாரோ ஒருவர் அவற்றைத் திருப்பிப் பார்ப்பார். பின்னால் என் பெயர் இருக்கும்.

அதற்குப் பிறகு பாதையில் ஜீப் வரும் சத்தம் கேட்டால் அண்ணன் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்ப்பான். நான் அடுக்களைக்குள் போய் நிற்பேன், அது தாண்டிப் போகும் வரை.